பீரோவில் ஒன்பது நாள்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஹைதராபாத்தில் நடந்தது இது. என் பெயரையோ என் ஓரகத்தியின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு குடும்பத்திலும் பேச்சு கிளம்பும். ஆனால் நடந்தது எதையும் மறைக்கவும் இல்லை. மறைத்தவரைக்கும் போதும்.

நாங்கள் ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். என் மாமனாரின் அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்கென்று செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். என் கணவருக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்தான். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷம் இருந்தோம். ரிட்டயர் ஆனதும் அதைக் காலி செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு வந்தோம். என் கொழுந்தனாருக்குப் பட்டான்செருவில் மருந்து கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவருடைய மனைவிதான் என் ஓரகத்தி. என்னைவிட எட்டு வயது சின்னவள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள்.

இது நடப்பதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, பட்டான்செருவைத் தாண்டி ஓர் ஏரிக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் போய்ப் பார்த்தோம். பக்கத்துப் பக்கத்து மனையாக இரண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். என் கணவர் எதையும் இரண்டு தரம் பார்த்துத்தான் செய்வார். ஏரி பக்கத்தில் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தேகம். லீவு போட்டுவிட்டு சர்வே ஆபீஸுக்கு நாலு நடை நடந்து, அந்தக் கிராமத்து வரைபடத்தின் சீல் வைத்த நகலை வாங்கி வந்தார். ஏரியின் எல்லைக் கல் எது, எங்கள் மனை எது என்று அதில் தெளிவாக இருந்தது. ஏரி எல்லைக்கு வெளியேதான் மனை. "இனி பயமில்ல, வாங்கிடலாம்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். "பஸ்ஸே போகாத காட்டுல போயி யாரு குடியிருக்கிறது? குவார்ட்டர்ஸ்ல இல்லாத சொகமா?" என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டார். கொழுந்தனார் மட்டும் வாங்கினார்.

அந்த வீட்டைக் கட்ட அவர்களுக்கு ஆறு வருஷம் ஆனது. முதலில் ஒரு ரூம். பிறகு சமையலறை. அப்புறம் மாடிப்படி. கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போய்ச் சிரித்த முகமாக நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அடுப்பு மேடை எவ்ளோ தாழ்வா வெச்சிருக்கா பாத்தீங்களா, முதுகு போயிடும்" என்றேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும். போர் போட்டார்கள், தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. எலுமிச்சை மரம் வைத்தாள், இரண்டாம் வருஷமே காய்த்துப் பை நிறைய எனக்குக் கொடுத்தனுப்பினாள். நான் அவற்றைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார்கள். என் வாழ்க்கை முழுக்க ரயில்வே அடித்த மஞ்சளிலேயே போயிற்று, வாடகை வீட்டிலோ ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஓனரம்மாவைக் கேட்க வேண்டும். நாங்கள் விட்டுவிட்ட பக்கத்து மனையில் யாரோ இரண்டு மாடி கட்டி, கீழே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டின் பால்கனியை நான் நிமிர்ந்து பார்க்கவே மாட்டேன்.

அவள் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் போன் செய்தார். ஏரியை ஒட்டிய பதினோரு வீட்டுச் சுவர்களில் அதிகாரிகள் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எட்டும் எல்லைக்குள் அந்த வீடுகள் வருகின்றனவாம், ஆக்கிரமிப்பாம், இடிக்கப் போகிறார்களாம். நோட்டீஸ் கிடையாது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை.

என் கணவர் போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இந்தா, அன்னிக்கு சர்வே ஆபீஸ்ல வாங்கின மேப்பு எங்க வெச்ச?"

எனக்கு நன்றாகத் தெரியும். மடித்தால் கிழிந்துவிடும் என்று அதை ஒரு பழைய எக்ஸ்ரே கவரில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்துருண்டை போடும்போது கையில் எடுத்துப் பார்த்தது கூட நினைவிருந்தது.

"குவார்ட்டர்ஸ் காலி பண்ணப்போ பழைய காகிதமெல்லாம் கடைக்காரனுக்குப் போட்டுட்டனே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதுதான் என் தப்பு.

என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டாம் என்று சொன்னது சரியாகப் போகப்போகிறது என்று தோன்றியது. பதினெட்டு வருஷமாக என் கணவர் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை என்றாலும், வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுக்கும் நாளில் அவர் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். இந்த வீடு போய்விட்டால் அந்த வாட்டம் போய்விடும். 'பார்த்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னேன்' என்று நான் சொல்லக்கூட வேண்டாம். இடிந்த சுவரே சொல்லிவிடும்.

அதோடு நியாயமும் துணைக்கு வந்தது. டிவியில் ஏரிகளைக் காட்டினார்கள். எத்தனை ஏரிகளைத் தின்றுவிட்டார்கள், மழை பெய்தால் ஊரே மிதக்கிறது, ஏழை எளியவர் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுகிறது. எல்லாம் உண்மைதான். "ஏரி எல்லாருக்கும் பொது இல்லையா? கவர்ன்மென்ட் செய்யறது சரிதானே?" என்று கீழ்வீட்டுக்காரியிடம் பேசினேன். ஊருக்காகப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வீடு ஏரிக்கு வெளியே இருக்கிறது என்று அரசாங்கமே சீல் வைத்துக் கொடுத்த காகிதம் என் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதைத் தெரிந்துகொண்டே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் எல்லார் பத்திரங்களையும் பார்த்தார். பத்திரம் இருந்தது, வீட்டு வரி ரசீது இருந்தது, கரண்ட் பில் இருந்தது. "இதெல்லாம் வீடு உங்களுதுன்னு சொல்லுது. ஏரிக்கு வெளிய இருக்குன்னு சொல்ற கவர்ன்மென்ட் காகிதம் ஒண்ணு வேணும்" என்றாராம். மனை விற்றவர் கொடுத்திருந்த ஜெராக்ஸில் சீலும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. அவரும் உயிரோடு இல்லை. சர்வே ஆபீஸில் புதிதாக நகல் கேட்டால், பழைய ரெக்கார்டைத் தேட வேண்டும், நாளாகும் என்றார்கள். இருப்பதை வைத்து மனு போட்டார் வக்கீல். அது அதற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை விசாரணைக்கு வரும் என்றார்கள்.

இதையெல்லாம் கொழுந்தனார் தினமும் போனில் சொல்லுவார். என் கணவர் கேட்டுவிட்டு என்னை ஒரு தரம் பார்ப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டோவில் என் ஓரகத்தி வந்து இறங்கினாள். தையல் மிஷின், குத்துவிளக்கு, மகளுடைய சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள்.

"திங்கக்கிழமை கோர்ட்டுல வருதுல்ல, அதுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"பக்கத்துக் காலனியில சொல்றாங்கக்கா, லீவு நாளாப் பாத்துத்தான் வருவாங்களாம். கோர்ட்டு மூடியிருக்கும்ல. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லக்கா. கைக்கு, எதுக்கு இப்படிப் பண்றாங்க? நாங்க என்ன திருடிட்டா வந்தோம்?"

சாப்பிடு என்றேன். "நக்கோ அக்கா, வேணாம், எறங்காது" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்தாள். வீட்டுப் பத்திரம், வரி ரசீதுகள், கட்டும்போது எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில் இருந்தன. வக்கீல் பிரதி எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"இது உங்க பீரோவுல இருக்கட்டும்க்கா. எங்கிட்ட இருந்தா அந்தக் கலாட்டாவுல எங்கயாவது போயிடும். உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

நான் பீரோவைத் திறந்தேன். அவள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஃபைல் மேல் தட்டில் கொள்ளவில்லை. புடவைத் தட்டில்தான் வைக்க வேண்டியிருந்தது. புடவைகளைத் தூக்கினால் எக்ஸ்ரே கவர் தெரியும். நான் உடம்பால் மறைத்துக்கொண்டு, அந்தக் கவர் மேலேயே அவளுடைய ஃபைலை வைத்தேன். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். 'அடடே, இங்கதான் இருக்கு பாரு' என்று ஒரு பொய் சொல்லியாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவளை ஆட்டோ ஏற்றிவிட்டுவிட்டு மேலே வந்தேன்.

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. அவளுடைய வீட்டைப் பார்த்து எத்தனை வருஷம் வெந்திருக்கிறேன். அவளோ அந்த வீட்டின் உயிரையே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்ததும் பீரோவைத் திறந்து கவரை எடுத்து என் கணவர் முன்னால் வைத்தேன். "கெடைச்சிடுச்சு" என்றேன். அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மணி பத்தாகிவிட்டது. தெரு முனையிலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். மஞ்சள் மெஷின்கள் இரண்டு நின்றன. முதல் இரண்டு வீடுகள் ஏற்கனவே இல்லை. ஒரு வீட்டின் உள்சுவரில் நாள்காட்டி மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீடு எங்களவர்களுடையது.

என் ஓரகத்தி கேட்டுக்கு முன்னால் நின்று, ஓர் அதிகாரியிடம் போனிலிருந்த வரி ரசீதின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் வரி வாங்கினீங்கல்ல? அப்போ இது வீடு, இப்போ ஏரியா?" என்று தமிழும் தெலுங்குமாகக் கத்தினாள். அந்த ஆள் சத்தமில்லாமல், "பக்ககி ஜரகண்டி அம்மா" என்று கையால் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். மேலிருந்து உத்தரவு, தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய் அவரிடம் வரைபடத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான் என்று நினைக்கிறேன், அவசரப்படாமல் பார்த்தார். சீலைத் தடவினார். எல்லைக் கல்லின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து மனை வரைக்கும் நகர்த்தினார்.

"இதை முன்னாலயே காட்டியிருக்கணும் அம்மா. மெஷின் வந்த பிறகு நானாகத் திருப்பி அனுப்ப முடியாது. கோர்ட்டு ஆர்டர் கொண்டு வாங்க" என்றார் தெலுங்கில்.

"காட்டறதுக்கு நீங்க எப்போ எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் பின்னாலிருந்து என் கணவர். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அதிகாரி வரைபடத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

தெருக்காரர்களோடு நின்றிருந்த வக்கீல் ஓடி வந்து வரைபடத்தைத் தரையில் விரித்து போனில் படம் எடுத்தார். ரொம்ப அவசரமென்றால் லீவு நாளிலும் நீதிபதியின் வீட்டுக்கே போய் மனு கொடுக்க வழி இருக்கிறதாம். தன் ஆளுக்கு அந்தப் படத்தை அனுப்பி அங்கே ஓடச் சொன்னார். முதல் இரண்டு வீட்டின் இடிபாடுகளை ஒதுக்கவே மெஷின்களுக்கு மத்தியானம் வரை ஆனது, உத்தரவு வருவதற்குள் ஒன்று எங்கள் பக்கம் திரும்பியது.

முதலில் காம்பவுண்டு சுவர் போனது. எலுமிச்சை மரம் சாய்ந்தது. பிறகு முன் ரூம். ஆறு வருஷம் கட்டியதை உடைக்க ஆறு நிமிஷம் ஆகியிருக்குமா என்று தெரியவில்லை. நான் கொடுத்த சுவர்க் கடிகாரம் அந்த ரூமில்தான் இருந்தது. மாடிப்படி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கிளிப்பச்சைச் சுவர் உடைந்தால் உள்ளே சாதாரணச் செங்கல்தான். கொழுந்தனார் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்பார்த்த சந்தோஷம் எங்கேயும் இல்லை. பதினெட்டு வருஷம் நான் பொறாமைப்பட்டது என் கண் முன்னால் மண்ணாகிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் வக்கீலுக்கு போன் வந்தது. இடிப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு. அதிகாரி தன் போனிலும் பேசி உறுதிசெய்துகொண்டு கையைத் தூக்கினார். மெஷின் நின்றது. அந்த வீட்டில் சமையலறையும் ஒரு படுக்கையறையும் மிஞ்சின. வரிசையில் மற்ற எட்டு வீடுகளும் தப்பித்தன.

எல்லாரும் வக்கீலைச் சூழ்ந்து நின்றார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். "இந்த ஒரு காகிதம் போன திங்கக்கிழமை என் கையில இருந்திருந்தா, செவ்வாய்க்கிழமையே ஸ்டே வாங்கியிருப்பேன். ஒரு செங்கல் விழுந்திருக்காது."

என் ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். "எப்போக்கா கெடைச்சது?"

"இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வரலன்னா இதுவும் போயிருக்கும்க்கா" என்றாள். இடிந்த வீட்டைவிட அந்த வார்த்தைதான் என்னை அடித்தது.

அவளும் கொழுந்தனாரும் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், நானும் அவளும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். அவள் கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள். தோலை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். சாயங்காலம் கொழுந்தனார் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், "நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றாள். மிஞ்சிய சமையலறைக்கு முன்னால் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தார்கள். நாலு மாதம் எனக்கு அவளிடமிருந்து ஒரு போனும் இல்லை. என் கணவரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோர்ட்டு பிறகு சொன்னதை வக்கீல் எங்களுக்கு விளக்கினார். ஏரியைக் காப்பாற்ற வேண்டியது அரசாங்கத்தின் கடமைதான், அதற்காக நிலத்தை எடுக்கவும் செய்யலாம். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவர்கள் முன்னால் அளக்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் மெஷினை அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

அளக்க வருகிற நாளுக்கு முந்தின நாள் அவள் போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு அளக்க வராங்க. ஒரிஜினல் மேப்பு எடுத்துக்கிட்டு வாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

போனோம். இந்தத் தடவை கையில் நோட்டீஸ் இருந்தது. எல்லார் முன்னாலும் பழைய எல்லைக் கல்லைத் தோண்டி எடுத்து அங்கிருந்து அளந்தார்கள். வீடு ஏரிக்கு வெளியேதான் இருந்தது. பின்பக்கத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் ஏரி எல்லைக்குள் வந்தது. "அது ஏரியோடதுன்னா எடுத்துக்கட்டும்" என்று கொழுந்தனார் அங்கேயே கையெழுத்துப் போட்டார். இடித்ததற்கு நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது.

எல்லாரும் போன பிறகு அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க வேணாம்னு சொன்ன எடம்னு எனக்கும் தெரியும்க்கா. ஒவ்வொரு தடவ வரும்போதும் உங்க மொகத்தப் பாப்பேன். அதுக்குத்தான் எதுவும் பெருசாச் சொல்லாம இருந்தேன். ஆனா இவ்ளோ இருக்கும்னு நெனைக்கல."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "சோறு வெச்சிருக்கேன், மாமாவக் கூப்பிடுங்க, சாப்ட்டுப் போங்க" என்றாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவும் இல்லை.

இப்போது முன் ரூமை மறுபடியும் கட்டிவிட்டார்கள், முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. போன மாதம் பார்த்தபோது எனக்குள் அந்தப் பழைய குடைச்சல் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அது என்னைவிட்டு முழுதாகப் போகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் டிவியில் எங்கேயாவது ஒரு வீடு இடிபடுவதைக் காட்டும்போது, 'ஆக்கிரமிப்பாத்தான் இருக்கும்' என்று சொல்ல வருகிற என் வாயைப் பிடித்து நிறுத்தி, அந்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று முதலில் கேட்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.